ஹெரால்டை விற்குமுன்: முதலில் காகிதம், பிறகு கார்

கேள்வி: அப்பா 1969-ல் பெங்களூரில் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நாலு கதவு வண்டி, அல்சூரில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. அப்பா 2021-ல் காலமானார். அதன்பிறகு யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. ஆர்.சி. 2019-லேயே காலாவதி, இன்சூரன்ஸும் இல்லை. அம்மா என்னுடன் இருக்கிறார், தம்பி சிங்கப்பூரில். வீட்டை இடித்துக் கட்டப் போவதால் இனி வண்டிக்கு இடமில்லை. மூன்று பேர் கேட்கிறார்கள். ஜே.சி. ரோடு புரோக்கர் ஒருவர், "பேப்பரெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கம்மா" என்கிறார். இந்திரா நகரில் ஹோட்டல் திறப்பவர் வாசலில் நிறுத்தி வைக்க நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். கோயம்புத்தூர் இளைஞர் ஒருவர், தானே ஓட்டுவதற்கு என்று குறைந்த விலைக்குக் கேட்கிறார். பெயின்ட் அடித்து எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிட்டு விற்கலாமா, இப்படியே விற்கலாமா? அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்த கார். கண்டவர் கைக்குப் போகக் கூடாது. – வாசகி, அல்சூர்

பதில்:

மூன்று பேருடனும் விலை பேசுவதை இன்றைக்கு நிறுத்துங்கள். சட்டப்படி அந்தக் கார் இன்னும் உங்கள் அப்பா பெயரில் இருக்கிறது. இப்போதைய நிலையில் அதை நீங்களும் விற்க முடியாது, உங்கள் அம்மாவும் விற்க முடியாது. புரோக்கர் கேட்கும் "கையெழுத்து மட்டும்" எதில் போடுவது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். இறந்தவர் கையெழுத்தை வேறு யாரோ போட்டு, உரிமை மாற்றத்துக்கான வெற்றுப் படிவம் 29-ஐயும் 30-ஐயும் வைத்துக்கொண்டு வண்டியைக் கை மாற்றிக்கொண்டே போவது பழைய கார் வியாபாரத்தில் நடக்கிற வேலைதான். அந்தக் கார் எங்காவது மோதினால் விவகாரம் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டியை விற்று எத்தனை வருஷம் ஆனாலும், எத்தனை கை மாறியிருந்தாலும் அதுதான் கணக்கு.

ஆகவே முதல் வேலை, வாரிசு பெயருக்கு மாற்றுவது. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவின்படி, உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் தகவல் தந்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டீர்கள். அதனால் உரிமை போய்விடாது. தாமதத்துக்குத் தண்டம் கட்டினால் போதும். அசல் ஆர்.சி., இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்தில் வாங்கும் வம்ச விருட்சச் சான்றிதழ் (வாரிசுகள் யார் யார் என்று காட்டுவது), மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும் பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். தம்பி தன் பத்திரத்தைச் சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹைகமிஷனில் கையெழுத்திட்டு, சான்றளிக்கச் செய்து அனுப்பட்டும். கார் யார் பெயருக்கு வர வேண்டும் என்று கேட்டால், உங்கள் பெயருக்கு என்பேன். அம்மா பெயருக்கு மாற்றினால் நாளைக்கு விற்கும்போது ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவரை அலைக்கழிக்க வேண்டியிருக்கும்.

அல்சூருக்கு இந்திரா நகர் ஆர்.டி.ஓ., அதாவது கே.ஏ. 03. ஆனால் 1969-ல் பதிவான வண்டியின் ஏடு அங்கேதான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தின் பக்கங்களில் உள்ள முத்திரைகளைப் பார்த்து, கடைசியாக எந்த அலுவலகத்தில் புதுப்பித்தார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். கையால் எழுதிய பழைய பதிவுகள் பல இன்னும் 'வாகன்' என்ற அரசுப் பதிவுக் கணினியில் ஏறவில்லை. உங்கள் வண்டி எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். விவரம் வரவில்லை என்றால் 'பேக்லாக் என்ட்ரி', அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் வேலை, செய்யச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். நாள் அதிகம் பிடிக்கும் வேலை இதுதான். இது முடியாமல் மற்ற எதுவும் நகராது.

அடுத்தது பதிவுப் புதுப்பித்தல், படிவம் 25. இருபது ஆண்டு தாண்டிய காருக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்த கட்டணம் 10,000 ரூபாய். தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடும். 2019-லிருந்து கணக்குப் போட்டால் தொகை கொஞ்சம் உறுத்தும்தான், ஆனாலும் கட்டிவிடுங்கள். காலாவதியான ஆர்.சி.யோடு நிற்கும் காருக்கு வாங்குபவர் சொல்லும் விலைக்கும், ஐந்தாண்டு உயிருள்ள ஆர்.சி.யோடு நிற்கும் காருக்குச் சொல்லும் விலைக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் செலவைவிடப் பெரியது. இதோடு பசுமை வரி, புகைச் சான்றிதழ், உங்கள் பெயரில் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். வண்டியை இன்ஸ்பெக்டர் நேரில் பார்ப்பார். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து ஒட்டச் சொல்வார்கள். அந்த எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் இருப்பதோடு பொருந்துகின்றனவா என்று வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெரால்டில் பின்னாளில் வேறு எஞ்சின் பொருத்தியவர்கள் உண்டு. எண் மாறியிருந்து அது ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால், அதை மறைத்து விற்கக் கூடாது.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி உங்கள் காருக்கும் பொருந்தும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்களாக அதற்குப் போக வேண்டாம். விண்டேஜாகப் பதிந்த காரை அன்றாடம் ஓட்ட முடியாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு என்று சில காரணங்களுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். பெங்களூரில் சாதாரணப் பதிவிலேயே ஓட்ட முடிகிற காரை எதற்குக் கட்டிப்போட வேண்டும்? வாங்குபவர் விரும்பினால் அவர் செய்துகொள்ளட்டும். தில்லிக்காரர் கேட்டால் மட்டும் கதை வேறு, அங்கே பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். அடிக்காதீர்கள். ஹெரால்டின் உடல் ஒரே துண்டு அல்ல. தனிச் சேஸிஸின்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய தகடுகள். தகடுகளுக்கு நடுவே இருக்கும் கோடுகள் நேராக இருக்கின்றனவா, கதவு விளிம்பு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா என்பதைத்தான் விஷயம் தெரிந்தவர் முதலில் பார்ப்பார். விற்பனைக்காக அவசரமாக அடிக்கும் பெயின்டில் அந்தக் கோடுகளைப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மூடிவிடுவார்கள். பளபளக்கும் புதுப் பெயின்டைக் கண்டால் அடியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் அவர் யோசிப்பார். மங்கிப்போன அசல் பெயின்டுக்கு அந்தச் சந்தேகம் வராது. எஞ்சினையும் பிரிக்க வேண்டாம். 948 சி.சி. நாலு சிலிண்டர் எஞ்சின், எளிய அமைப்பு. ஓடாமல் நின்றிருப்பதாலேயே கெட்டுப்போயிருக்கும் என்று சொல்ல முடியாது. விற்பவர் செய்ய வேண்டியது மூன்றே: கார் ஸ்டார்ட் ஆக வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். மற்றதை வாங்குபவர் தன் ரசனைக்குச் செய்யட்டும்.

ஸ்டார்ட் செய்வதில் நிதானம் வேண்டும். புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும்; வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினை நாசமாக்கும் குறுக்குவழி அது. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நாலாவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுற்றுகிறதா என்று தெரியும். சுற்றவில்லை என்றால் இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும், முரட்டுத்தனம் ஆகாது. சுற்றினால் பழைய ஆயிலை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஆயில் ஏறத்தாழ 4 லிட்டர், புது ஃபில்டர். டேங்கில் இருக்கும் பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். மூக்கில் வார்னிஷ் வாடை அடித்தால் கார்புரேட்டரையும் கழுவித்தான் ஆக வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் அதில் ஊறி உப்பிக் கிழியும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றச் சொல்லுங்கள். பாயின்ட் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் இடைவெளி 0.63 மி.மீ., தீப்பற்றும் வரிசை 1-3-4-2. இளம் மெக்கானிக்காக இருந்தால் இந்த அளவுகளைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். பேட்டரி மாட்டுமுன் வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா (பேட்டரியின் எந்த முனை வண்டி உடலோடு இணைகிறது) என்று பார்க்கச் சொல்வதும் முக்கியம். அந்தக் காலத்து ஆங்கிலேய வடிவமைப்புகளில் இரண்டும் உண்டு.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாகும். பிஸ்டன் அப்படியே இறுகிவிடும். ஹெரால்டில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் ஆயில் குழாய் ஒரே சுற்று. நாலு சக்கரத்தில் எங்காவது ஒரு ரப்பர் கப் கிழிந்தால் பெடல் தரைவரை போகும். மாஸ்டர் சிலிண்டர் கிட், நாலு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ், புது ஆயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். ஜே.சி. ரோட்டில் கிடைக்காதது சிவாஜி நகர் குஜரியில் (பழைய சாமான் சந்தை) கிடைக்கலாம். சென்னையில் செய்த வண்டி என்பதால் அங்கே பழைய உதிரி பாகம் விற்கும் புதுப்பேட்டையிலும் ஆள் விட்டுத் தேடலாம். டயரில் பட்டை நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பத்தாண்டு தாண்டியிருந்தால் அதில் ஆர்.டி.ஓ. மைதானத்துக்குப் போய் வருவதே அதிகம்.

இனி மறைக்கக் கூடாத இடங்கள். ஹெரால்டில் துரு பிடிப்பது சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில், கதவுக்குக் கீழ்ப் பட்டையில், டிக்கித் தரையில். கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு, மொத்தென்றால் துரு அல்லது பட்டி. முன்சக்கரம் திரும்பும் அச்சின் அடியில் ட்ரனியன் என்று ஒரு பித்தளை மரைத்துண்டு இருக்கிறது. அதற்கு விட வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில். சர்வீஸ் கடைகளில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காது; உள்ளே ஈரம் தங்கித் துருவேறி, ஒருநாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அச்சு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். விற்குமுன் இதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் செலவிலேயே சரிசெய்துவிட்டால் விலை பேசும்போது அதுவே பெரிய வாதம்.

துருப்பிடித்த இடங்களை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, கேட்பவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள். பானெட்டை முன்பக்கமாக முழுதும் திறந்து ஒரு படம், சேஸிஸ் அடியில் நாலு படம், மீட்டர் பலகை, ஆர்.சி. புத்தகம் (எண்களை மறைத்து), குளிர் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் ஒரு வீடியோ. பொய்யாக ஆசைப்பட்டு வருகிறவர்கள் இந்தப் படங்களிலேயே உதிர்ந்துவிடுவார்கள்.

அப்பா காருக்கென்று சேர்த்து வைத்த உதிரிச் சாமான் பெட்டி இருந்தால் அதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். வீல் கப், எம்ப்ளம், கதவுப் பிடி, விளக்குக் கண்ணாடி, பழைய கையேடு, சர்வீஸ் ரசீது இவையெல்லாம் இன்று தேடினாலும் கிடைப்பது அரிது. முன் கண்ணாடி உபரியாக ஒன்று இருந்தால் அது தனி மதிப்பு. பட்டியல் போட்டு, காரோடு சேர்த்தே விலை சொல்லுங்கள். புரோக்கர் கைக்குப் போனால் பெட்டி முதலில் பிரிந்து தனியாக விற்றுவிடும்.

விலைக்கு யாரிடமும் சூத்திரம் இல்லை. கர்நாடகா விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப், மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற இடங்களில் இதே வண்டி வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், விளம்பரத்தில் சொல்லும் விலையை நம்பாதீர்கள். அது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. நல்ல ஹெரால்டுக்குப் போகும் விலையிலிருந்து உங்கள் வண்டியில் பாக்கியுள்ள வேலையின் செலவைக் கழித்தால் உங்கள் எண் வந்துவிடும். ஆர்.சி. சரியாக இருந்தால் அதில் பேரம் குறையும்.

இந்த மூவரில் யாருக்கு? புரோக்கரை முதலிலேயே விட்டுவிடலாம். ஹோட்டல்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் வெயிலிலும் மழையிலும் வாசலில் நிற்கும் ஹெரால்ட் சில பருவங்களில் துருவாகும், பிறகு சீட்டைக் கழற்றிவிட்டு பூந்தொட்டி வைப்பார்கள். உங்கள் மனசு அதற்கு ஒப்புமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒப்பும் என்றால் அதிக விலையை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. என் ஓட்டு கோயம்புத்தூர்க்காரருக்கு, ஆனால் ஒரு சோதனைக்குப் பிறகு. வரச் சொல்லுங்கள். பார்த்தவுடன் "எங்க தாத்தா கிட்ட இதே கார் இருந்துச்சு" என்று கண் கலங்குவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறாரா? ட்ரனியனுக்கு என்ன விட்டீர்கள் என்று கேட்கிறாரா? நிறுத்த மூடிய இடம் இருக்கிறதா, எந்த மெக்கானிக் பார்ப்பார் என்பதற்குப் பதில் வைத்திருக்கிறாரா? அப்படிப்பட்டவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். இன்னாருக்குத்தான் மறுபடி விற்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை எழுதாதீர்கள். காப்பாற்ற வைக்க வழியில்லை. "விற்பதானால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்" என்று வாய்வார்த்தையாகக் கேட்கலாம், நல்லவர் கேட்பார்.

சோதனை ஓட்டத்துக்கு இன்சூரன்ஸ் வந்த பிறகுதான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். லைசென்ஸைப் பார்த்து, பக்கத்துச் சீட்டில் உங்கள் ஆள் ஒருவர் உட்காரட்டும். கேம்பிரிட்ஜ் லேஅவுட் தெருக்களில் காலை நேரத்தில் ஓட்டினால் போதும். இந்தக் கார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பும், அதைக் காட்டுங்கள். வாங்குபவர் முகம் மலரும். பின்சக்கரம் சாயும் அச்சு என்பதால் வளைவில் வேகமாகப் போய்ப் பிரேக் மிதிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் வங்கி வழியாகவே வரட்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அதே அளவு தொகை தண்டமாகப் போகும். முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதும்போது சேஸிஸ் எண், எஞ்சின் எண், சாமான் பட்டியல், தெரிந்த குறைகள், "உள்ளது உள்ளபடி" என்ற சொல், ஒப்படைத்த தேதியும் நேரமும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன நேரம் சிரிப்பாகத் தோன்றும், அன்று சாயங்காலம் சிக்னல் தாண்டி அபராதச் சீட்டு வந்தால் தெரியும் அதன் அருமை.

வெளிமாநிலத்துக்கு விற்பதால் படிவம் 28-ல் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்க வேண்டும்; இங்கே வரி பாக்கி, போலீஸ் வழக்கு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே தருவார்கள். உங்கள் தரப்பில் 45 நாளுக்குள் விற்பனையைத் தெரிவித்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்தால் புது எண் வரும் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவின் பழைய எண் வேண்டும் என்றால் விண்டேஜ் பதிவைப் பற்றி அவர் கோயம்புத்தூர் ஆர்.டி.ஓ.வில் விசாரிக்கட்டும்.

"நானே ஓட்டிட்டுப் போறேன் மேடம்" என்று அவர் உற்சாகமாகச் சொல்வார், விடாதீர்கள். இத்தனை வருஷம் நின்ற கார், நாலும் டிரம் பிரேக், வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். பிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள், வாடகையில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் சரி. லாரியோடு கட்டும்போது கட்டும் பெல்ட் சக்கரத்தில் விழ வேண்டும், மெல்லிய அச்சுக் கைகளில் அல்ல.

லாரி ஏறுமுன் ஒரு தாளில் உங்களுக்கும் அப்பாவின் மெக்கானிக்குக்கும் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள். சோக்கை எவ்வளவு இழுத்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகும், எந்தக் கதவு மழைக்கு ஒழுகும், பேட்டரி எர்த் எந்தப் பக்கம், ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது என்பது. கடைசி வரியைச் சிவப்பு மையில்.

பிறகு உங்கள் வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பரிவாகன் தளத்தில் பழைய எண்ணை மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மூன்று மாதம் ஆகியும் உங்கள் பெயரே காட்டினால், ஒப்பந்த நகலையும் ஒப்படைப்புச் சீட்டையும் இணைத்து இங்கே இந்திரா நகருக்கும் அங்கே கோயம்புத்தூருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டியது வாங்குபவர். அந்த மனுவின் படியையும் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.